எதீரியத்தில் நிறுவனம் சாராத ஒருவர் தரநிலை முன்மொழிய முடியுமா?

கேள்வி:
வணக்கம். எதீரியம் பிளாக்செயினில் கணக்கை நிர்வகிக்க உதவும் வாலட் செயலியில் கையொப்பமிடும் முன், எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்பதைச் சாதாரணப் பயனரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி காட்டுவதற்கு ஒரு தரநிலையை எழுதி வருகிறேன். நான் எந்த நிறுவனத்தையும் சேர்ந்தவன் அல்லன். எவரும் பங்கேற்கலாம் என்று சொல்லப்படுவது நடைமுறையிலும் உண்மையா, அல்லது முடிவு ஒரு சிலர் கையில்தான் இருக்கிறதா?

மறுமொழி 1:
எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்டாக (சேர்க்கைக் கோரிக்கையாக) வரைவை அனுப்பலாம். எடிட்டர்கள் வடிவத்தையும் தொழில்நுட்பத் தெளிவையும் பார்த்து எண் தருவார்களே தவிர, யோசனை நல்லதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. உங்களுடையது நெறிமுறையையே மாற்றும் கோர் முன்மொழிவு அன்று, செயலிகளுக்கான தரநிலைகளைச் சேர்ந்த இஆர்சி வகை. ஆகவே வலையமைப்பை இயக்கும் கணினிகளான நோடுகள் எதுவும் மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை, வாலட்களும் செயலிகளும் ஏற்றுக்கொண்டால் போதும். இன்று எல்லா இடத்திலும் புழங்கும் டோக்கன் தரநிலையான இஆர்சி-20 கூட 2015 நவம்பரில் கிட்ஹப்பில் ஓர் இஷ்யூவாகத்தான் (விவாதப் பதிவாகத்தான்) தொடங்கியது. அந்த இஷ்யூவின் எண்ணே அதன் பெயராக நிலைத்தது. வரைவில் பாதுகாப்பு குறித்த பகுதி கட்டாயம். பதிப்புரிமையை சிசி0 என்ற பொதுவுரிமை முறையில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதால், பின்னர் எவரும் அதைத் தடையின்றி எடுத்தாளலாம். ஆறு மாதம் அசைவில்லாமல் கிடந்தால் தேக்கநிலை என்று குறித்துவிடுவார்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரிதான். ஆனால் எழுதும் உரிமையையும் ஏற்கப்படும் வாய்ப்பையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம். கட்டண முறையை மாற்றிய இஐபி-1559 (இஐபி என்பது எதீரியம் மேம்பாட்டு முன்மொழிவு), 2019-இல் பதிவாகி, அடிப்படைக் கட்டணம் எரிக்கப்படுவதால் (நிரந்தரமாக நீக்கப்படுவதால்) வருவாய் குறையும் என்று, அன்று பரிவர்த்தனைகளைப் பதிவுசெய்து வருவாய் ஈட்டிய மைனர்களில் பலர் எதிர்த்த நிலையிலும், 2021 ஆகஸ்ட் 5 அன்று லண்டன் மேம்படுத்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. கெத், நெதர்மைண்ட், பெசு போன்ற, நோடு மென்பொருளை உருவாக்கும் கிளையன்ட் குழுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிரல் எழுதிச் சோதித்தாக வேண்டியிருந்தது. அக்குழுக்களின் கூட்டங்கள் இணையத்தில் வெளிப்படையாக ஒளிபரப்பாகின்றன என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு முன்மொழிவை ஏன் மறுத்தார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்கலாம். உங்கள் விஷயத்தில் அந்த இடத்தில் இருப்பவர்கள் வாலட் குழுக்கள். இயங்கும் மாதிரி நிரல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களிடம் பேசுங்கள்.

மறுமொழி 3:
பங்கேற்பு என்பது ஆவணம் எழுதுவது மட்டும் அன்று. தரவுச் செலவைக் குறைக்கும் இஐபி-4844-க்குத் தேவையான குறியாக்க எண்களைப் பலர் சேர்ந்து உருவாக்கிய கேஇசட்ஜி சடங்கில், 2023-இல், பெயர் தெரியாத பலர் பிரவுசர் வழியாகவே தங்கள் ரகசிய எண்ணைச் சேர்த்தார்கள். 1,40,000-க்கும் மேற்பட்ட பங்களிப்புகள் வந்தன. அவர்களில் ஒரே ஒருவர் நேர்மையாகத் தம் ரகசியத்தை அழித்திருந்தாலும் முழு அமைப்பும் பாதுகாப்பானதே.

உங்கள் வரைவைப் பொறுத்தவரை, அனுப்பும் முன் கையொப்பமிடும் தரவை வகைப்படுத்தி அமைக்கும் இஐபி-712-ஐயும், அதைப் படிக்கும்படி காட்டுவதற்கான இஆர்சி-7730-ஐயும் வரிவரியாகப் படித்துவிடுங்கள். இரண்டும் இதே சிக்கலைத் தொடுகின்றன. உங்களுடையது அவற்றிலிருந்து எங்கே விலகுகிறது என்பதை நோக்கப் பகுதியிலேயே சொல்லாவிட்டால், முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள்.