தயிர்சாதத்தைத் தாண்டாத மகன், வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையிலிருந்து பெங்களூரு அல்சூருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. மகனுக்கு நாலரை வயது. இட்லி, தயிர்சாதம், அப்பளம், அவ்வளவுதான். நேற்று பக்கத்து வீட்டு அக்கா பிசிபேளாபாத் கொடுத்தார். ஒரு பருக்கையை விரலால் நசுக்கினான், முகர்ந்து பார்த்தான், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

2 முதல் 6 வயது வரை புது உணவுக்குப் பயப்படுவது இயல்புதான், ஓரளவு பரம்பரையும்கூட என்று படித்தேன். சிலருக்குக் கசப்பு பிறவியிலேயே தூக்கலாகத் தெரியுமாம். வற்புறுத்தாமல் 10, 15 தடவை ருசி பார்க்கக் கொடுத்தால் பழகலாம் என்கிறார்கள். மாமியாரோ, பட்டினி போட்டால் தின்பான் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

ஜூனில் பள்ளி, மதியச் சாப்பாடு அங்கேயேதான். உங்கள் பிள்ளைகளை இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு எப்படிப் பழக்கினீர்கள்? முதலில் எதைக் கொடுத்தீர்கள்? எடை சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பொறுமையாகப் பேசும் குழந்தை மருத்துவர் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.