ஈறு நோயில் நியூட்ரோஃபில் விரிக்கும் வலை: 'காப்புவலை' பொருந்துமா?

தருமபுரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஈறு நோய்க் கையேட்டு வேலை ஒரு சொல்லில் நிற்கிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு தன் உட்கருவின் டி.என்.ஏ.வைப் பிரித்து வெளியே எறிகிறது. அந்த இழைகளில் ஹிஸ்டோன், எலாஸ்டேஸ், மைலோபெராக்சிடேஸ் என்ற புரதங்கள் ஒட்டியிருக்கும். பாக்டீரியா அதில் சிக்கும். வரைவில் 'காப்புவலை' என்று இருக்கிறது. சரிதானா?

கிருஷ்ணகிரியிலிருந்து:

சரியில்லை ஐயா. இந்த வலையை முதலில் விவரித்த கட்டுரை வந்தது 2004-இல், எங்கள் மாவட்டம் பிரிந்த அதே ஆண்டு. அப்போது அது கிருமிக்கொல்லியாக மட்டுமே தெரிந்தது. அந்தப் பார்வையைப் பெயரில் பூட்டிவைக்க வேண்டாம்.

நல்ல ஈற்றிலும் நியூட்ரோஃபில்கள் ரத்தக்குழாயை விட்டு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளத்துக்கு ஓயாமல் வந்துகொண்டுதான் இருக்கும். அழுக்குப் படலமும், அது கெட்டிப்பட்ட காரையும் தங்கிவிட்டால் கூட்டம் பெருகும். புரதத்தை வெட்டும் நொதியான எலாஸ்டேஸுக்குக் கிருமி எது, ஈறு எது என்ற பேதம் கிடையாது. பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் அரிக்கும். பள்ளத்துப் பாக்டீரியாக்கள் பலவற்றிடம் டி.என்.ஏ.வை வெட்டும் நொதி உண்டு, வலையை அறுத்துத் தப்பிவிடும். கூடவே டி.எச்.17 என்னும் வெள்ளணுக்கள் ஐ.எல்.-17 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து இன்னும் நியூட்ரோஃபில்களை வரவழைக்கும். அழற்சியில் ரேங்க்-எல் என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் கூடும்போது எலும்பைக் கரைக்கும் செல்கள் விழித்துக்கொள்ளும். பல் ஆடுவது அதற்குப் பிறகுதான்.

ஓசூரிலிருந்து:

அப்படியானால் 'நச்சுவலை' என்று வைத்துவிடலாமே?

கிருஷ்ணகிரியிலிருந்து:

அதுவும் ஒருபக்கச் சாய்வு. பாப்பியோன்-லெஃபேவ்ர் என்னும் அரிய மரபு நோயில் கதெப்சின் சி என்ற நொதியின் குறைபாட்டால் எலாஸ்டேஸ் செயல்நிலைக்கு வராது, வலையும் உருவாகாது. இருந்தும் அந்தக் குழந்தைகளுக்குப் பால்பற்களே சீக்கிரம் விழுந்துவிடுகின்றன. வலை மிகுந்தாலும் கெடுதி, இல்லாவிட்டாலும் ஈறு தப்புவதில்லை. நல்லது கெட்டது சொல்லாத பெயர் போதும்.

அரூரிலிருந்து:

'உமிழ்வலை'? செல் உமிழ்கிறது, சொல்லும் குறுகியது.

தருமபுரியிலிருந்து:

வாய் பற்றிய நூலில் அதை எச்சில் சம்பந்தப்பட்டதாகத்தான் படிப்பார்கள் அம்மா. ஆங்கிலப் பெயரைத் தழுவிய 'பொறி'யும் வேண்டாம், எந்திரமும் தீப்பொறியும் குறுக்கே வரும்.

பென்னாகரத்திலிருந்து:

ஒகேனக்கலில் போடுகிற 'வீச்சுவலை' எப்படி?

கிருஷ்ணகிரியிலிருந்து:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீனவர் வீசியதை இழுத்துக்கொள்வார். இங்கே எறிந்த செல் பெரும்பாலும் செத்துவிடும். என் ஓட்டு 'உட்கருவலை'க்கு. 'உட்கரு' பள்ளிப் பாடநூலில் உள்ள சொல்; வலை எதனால் ஆனது என்றும் சொல்கிறது.

ஓசூரிலிருந்து:

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வால் ஆன வலையும் உண்டே?

கிருஷ்ணகிரியிலிருந்து:

உண்டு, விளக்கத்தில் ஒரு வரி சேர்ப்போம். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோனை பிஏடி4 நொதி மாற்றி, குரோமாட்டின் என்னும் அந்தச் சுருள் அவிழ்ந்து, சவ்வு கிழிவதுதான் பரவலாக ஆராயப்பட்ட வழி. பெயர் அதைத் தொட்டால் போதும்.

தருமபுரியிலிருந்து:

ஏற்கிறேன். ஆனால் நோயாளிக்கான பக்கத்தில் இந்தச் சொல்லே வேண்டாம். அங்கே அளவுதான் பேச வேண்டும்: ஈற்றுப் பள்ளத்தின் ஆழம் பார்க்க ஒரு பல்லுக்கு 6 இடங்களில் அளவுகோல் விடுவார்கள், 3 மி.மீ. வரை இயல்பு, 4 அல்லது அதற்கு மேல் போய் ரத்தமும் கசிந்தால் வேருக்கு அடியிலுள்ள காரையையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று. புகைப்பவருக்கு ரத்தக்கசிவு குறைவாகத் தெரியும், அதைப் பார்த்து நோயில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

நம் வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு பெட்டி: நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் வந்த பழுப்புக் கறை எனாமலுக்குள் இருப்பது. காரை எடுத்தால் போகாது. கறை இருப்பதாலேயே ஈறு நோய் என்றும் ஆகாது.

அரூரிலிருந்து:

'வேருக்கு அடியில்' என்றால் வேர் நுனிக்குக் கீழே என்று படுமே. 'ஈற்றுக்குள் வேர்மேல் படிந்த காரை' என்று திருத்துங்கள்.

தருமபுரியிலிருந்து:

திருத்தியாயிற்று. அகராதிப் பதிவு இப்படிப் போகிறது: 'உட்கருவலை: நியூட்ரோஃபில் வெளியே எறியும் டி.என்.ஏ. இழைகளும் அவற்றில் ஒட்டிய புரதங்களும் சேர்ந்த வலை. கிருமியைச் சிக்கவைக்கும், மிகுந்தால் திசுவையும் சிதைக்கும். சில நேரம் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வாலும் ஆகும்.'