மணிக்கட்டு முறிவுக்குப் பின் வந்த எரிவு மற்றக் கைக்கும் வருகிறது: சி.ஆர்.பி.எஸ். உடலில் பரவுவது எப்படி?

நெடுங்கேணி மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. கடந்த காலபோகத்தின்போது வயல் வரம்பில் சறுக்கி விழுகையில் வலக்கையை நிலத்தில் ஊன்றியதால் மணிக்கட்டு என்பு முறிந்தது. பிளாஸ்டர் போட்டார்கள், என்பு நன்றாகப் பொருந்திவிட்டதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். பிளாஸ்டரைக் கழற்றிய பின்னர்தான் பெருந்துன்பம் தொடங்கியது. கை வீங்கி, புறங்கைத் தோல் எண்ணெய் பூசியதுபோல் மினுங்குகிறது. சில வேளைகளில் கை சுடுகிறது. சில வேளைகளில் குளிர்ந்து நீலம் பாரிக்கிறது. உள்ளங்கை மட்டும் தனியே வியர்க்கிறது. சேலைத் தலைப்பு உரசினாலும் அம்மா கையை இழுத்துக்கொள்கிறார்.

கிளினிக் கொப்பியில் சி.ஆர்.பி.எஸ். (Complex Regional Pain Syndrome, காயத்துக்குப் பின் ஓர் உறுப்பில் நீடிக்கும் வலி நோய்) என்று எழுதிவிட்டார்கள். அங்கிருந்த சன நெருக்கத்தில் விளக்கம் கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. முதலில் மணிக்கட்டில் இருந்த எரிவு இப்போது முழங்கை வரை வந்திருக்கிறது, தோள் விறைத்துவிட்டது, அண்மைக் காலமாக இடக்கையிலும் வலி தெரிகிறது. அயலவர்கள் சிலர் இரத்தத்தில் நஞ்சு ஏறிவிட்டது என்கிறார்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுசென்று கையை இழுத்துக் கட்டச் சொல்கிறார்கள் வேறு சிலர். இந்த நோய் உண்மையில் உடலுக்குள் பரவுமா? பரவினால் எந்த வழியாகப் பரவுகிறது? இதயம் வரை போய்விடுமோ என்று அம்மா இரவில் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கிளிநொச்சி இயன்மருத்துவர் எழுதியது:

அன்புச் சகோதரி, அம்மாவின் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். இது கிருமியும் அல்ல, புற்றும் அல்ல, நஞ்சும் அல்ல. குருதியில் கலந்து ஓடும் எந்தப் பொருளும் இதைக் கையிலிருந்து இதயத்துக்குக் கொண்டுபோவதில்லை. பரவுவது நரம்புத் தொகுதியின் மிகையான கூருணர்வுதான். அது பரவும் வழியைப் புரிந்துகொண்டால், கையை ஏன் அசைக்கச் சொல்கிறோம் என்பதும் புரியும்.

என்பு முறிந்த இடத்தில் உள்ள நரம்பு முனைகள் வலிச் செய்தியை மேலே அனுப்புவதோடு நின்றுவிடுவதில்லை. சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. முதலிய புரதக் கூறுகளை அவை அவ்விடத்திலேயே சுரக்கின்றன. அதனால் நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, வீக்கமும் சூடும் சிவப்பும் உண்டாகின்றன. பெரும்பாலானோருக்கு முறிவு ஆறும்போது இதுவும் ஆறிவிடும், சிலருக்கு ஆறுவதில்லை. ஓயாமல் வந்துகொண்டிருக்கும் வலிச் செய்திகளைப் பெறும் முண்ணாணின் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டின்) பின்பக்கமான பின்கொம்பில் உள்ள கலங்கள் காலப்போக்கில் தம் வாசலைத் தாழ்த்தி, சிறு தூண்டலுக்கும் கிளர்ந்துவிடுகின்றன. அதன் பிறகு, வெறும் தொடுகையைச் சொல்லும் நரம்பு கொண்டுவரும் செய்தியும் வலியாகவே மூளைக்குப் போகும். அம்மாவுக்குச் சேலைத் தலைப்பு பட்டாலும் எரிவது இதனால்தான். அக்கலங்கள் செய்தி வாங்கும் பரப்பும் விரிவடைந்து, அடிபடாத அயற்பகுதிகளிலிருந்து வரும் செய்திகளும் அதே வலிக்குள் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே இந்த வலி ஒரு குறித்த நரம்பின் எல்லைக்குள் அடங்காமல், கையுறை போட்ட அளவுக்குக் கை முழுவதும் பரந்து, முன்கையிலும் ஏறுகிறது. இவ்வாறு அடுத்தடுத்த இடத்துக்கு நகர்வதே மிகவும் பொதுவான பரவல் ஆகும்.

மற்றக் கைக்குப் போவது இதைவிட வியப்பானது. முண்ணாணின் வலப்பாதியும் இடப்பாதியும் குறுக்கே செல்லும் நரம்புகளால் இணைந்திருக்கின்றன. நரம்புக் கலங்களைச் சூழ்ந்திருக்கும் கிளியா கலங்களும் இதில் பங்கெடுக்கின்றன. ஒரு பக்க நரம்பைக் காயப்படுத்திய விலங்குச் சோதனைகளில் காயமில்லாத மறுபக்கத்திலும் மாற்றங்கள் காணப்பட்டுள்ளன. 2000 ஆம் ஆண்டில் 27 நோயாளரை ஆராய்ந்து வெளியான ஒரு கட்டுரை பரவலை மூன்று வகையாகப் பிரித்தது. தொடங்கிய இடத்திலிருந்து தொடர்ச்சியாக விரிவது அந்த 27 பேரிடமும் இருந்தது. தொடர்பில்லாத தூர இடத்தில் தனியே தோன்றுவது 19 பேரிடமும், எதிர்ப்பக்கத்தின் அதே இடத்தில் தோன்றுவது 4 பேரிடமும் இருந்தன.

மூளையையும் சொல்லாமல் விட முடியாது. உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையின் உணர்வுப் புறணியில் ஓர் இடம் உண்டு. இந்த நோயாளரிடம் பாதித்த கைக்குரிய அந்த இடம் சுருங்கியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சிகிச்சையால் கை தேறும்போது அது மீண்டும் விரிவதையும் கண்டிருக்கின்றன. நான் நோயாளரைக் கண்களை மூடச் சொல்லி, ஒரு விரலை மெல்லத் தொட்டு, எந்த விரல் என்று கேட்பது வழக்கம். நடுவிரலைத் தொட்டால் மோதிரவிரல் என்பார்கள், அல்லது வெகுநேரம் யோசிப்பார்கள். "இது என் கை மாதிரி இல்லை" என்று அவர்கள் சொல்வதைக் கற்பனை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இனிச் செய்யவேண்டியது. கையை மடியிலோ கழுத்தில் தொங்கவிடும் தூளியிலோ நாள் முழுவதும் வைத்திருப்பது நோய்க்கே துணைபோகும். முதலில் பஞ்சு, பிறகு பருத்தித் துணி, பிறகு துவாய் என்று அம்மாவே தன் கையைத் தொட்டுப் பழகட்டும். விரல்களை வலி தாங்கும் அளவில், குறைந்த நேரமாகவும் அடிக்கடியும் மடக்கி நீட்டட்டும். பிறர் பிடித்து இழுப்பதும், முறுக்குவதும், பனிக்கட்டி வைப்பதும் வேண்டவே வேண்டாம். இழுத்துக் கட்டச் சொல்லும் அயலவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அக்கராயன் கமக்காரன் எழுதியது:

பிள்ளை, இந்த நோயோடு வாழ்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2009 ஆம் ஆண்டில் ஷெல் துண்டு இடது கெண்டைக்காலில் பட்டு நரம்பும் அறுந்தது. நரம்பு சேதமானது உறுதியாகத் தெரிந்தால் அதை இரண்டாம் வகை என்பார்களாம். உமது அம்மாவுடையது முதலாம் வகையாக இருக்கக்கூடும். காயம் ஆறிய பிறகும் பாதம் எரிந்தது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பேன். துணி காய்ந்தால் விழித்துவிடுவேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டுபட்ட படைவீரர்களைப் பார்த்த வெயர் மிச்சல் என்ற வைத்தியரும் அவருடைய தோழர்களும் 1864 இல் எழுதிய நூலில், அந்த வீரர்களும் எரியும் கையை ஓயாமல் நனைத்துக்கொண்டே இருந்தார்கள் என்று இருப்பதாகப் பின்னர் அறிந்தேன். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னரே இதைப் பார்த்து எழுதிய பிறகும், எங்கள் ஆட்களிடம் "காயம் ஆறிவிட்டதே, இன்னும் என்ன நோ?" என்ற கேள்வியைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னுடையது முழங்கால் வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. மற்றக் காலுக்கு அது தானாக வரவில்லை. பின்னொரு நாள் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி வலப்பாதத்தில் பட்டது. சிறிய காயம்தான், ஆனால் அது ஆறும்போது அதே எரிவு, அதே வியர்வை அங்கேயும் வந்துவிட்டது. ஆகையால் அம்மாவின் நல்ல பகுதிகளில் புதுக் காயம் படாமல் பார்த்துக்கொள்ளும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பாசத்தால் அவருடைய வேலைகள் எல்லாவற்றையும் நீரே செய்துவிடாதையும். கீரை ஆய்வதற்காவது அந்தக் கையை விடும்.

வவுனியா வைத்தியர் எழுதியது:

மேலே இருவரும் எழுதியவை பயனுள்ளவை. எனினும் "பரவல்" என்ற சொல்லை நான் இன்னும் சற்றுச் சிக்கனமாகப் பயன்படுத்துவேன். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அது ஓர் உறுப்போடு நின்றுவிடுகிறது. பலர் முதல் ஆண்டிலேயே குறிப்பிடத்தக்க அளவு தேறுகிறார்கள். பரவல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறப்பு மையங்களுக்கு வந்த, ஏற்கெனவே கடுமையாகப் பாதிக்கப்பட்ட நோயாளரைப் பற்றியவை. நெதர்லாந்தில் நடந்து 2011 இல் வெளியான ஆய்வொன்றில், பரவியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது எதிர்ப்பக்க உறுப்புக்கும், குறைவானோருக்கு அதே பக்கத்தின் கைக்கோ காலுக்கோ, மிகக் குறைவானோருக்கு மூலைவிட்டமாகவும் (வலக்கையிலிருந்து இடக்காலுக்கு என்பதுபோல்) போயிருந்தது; மூலைவிட்டமாகப் போனவர்களில் பெரும்பாலானோருக்கு அங்கே புதிதாக ஒரு காயம் பட்டிருந்தது. அக்கராயன் ஐயா சொன்ன அனுபவம், அது மூலைவிட்டமாக இல்லாவிட்டாலும், புதுக்காயத்தின் பங்கைக் காட்டுகிறது.

என் கவலை வேறு. 2003 இல் புடாபெஸ்ட் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த அளவுகோல்களின்படி, உணர்வு மாற்றம், நிற வெப்ப மாற்றம், வியர்வை அல்லது வீக்கம், அசைவும் தோல் நகம் மயிர் வளர்ச்சியும் ஆகிய நான்கு தொகுதிகளில் மூன்றிலாவது நோயாளர் முறையிட வேண்டும், இரண்டிலாவது வைத்தியர் நேரில் காணவும் வேண்டும். அவற்றுக்கும் மேலாக, வேறெந்த நோயும் இக்குறிகளை நன்றாக விளக்கக் கூடாது. இக்கடைசி நிபந்தனை ஒவ்வொரு புதிய இடத்துக்கும் மீண்டும் பொருந்த வேண்டும். அம்மாவின் வலக்கை இதற்கு நன்கு பொருந்துகிறது. தோளைப் பற்றி நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். நெடுநாள் அசைக்காமல் வைத்த கையின் தோள் உறைந்துபோவது சாதாரணமாக நடப்பது, நீரிழிவு உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடுதல். இடக்கையில் வீக்கமும் நிற மாற்றமும் உண்டா, அல்லது வலி மட்டும்தானா? நீரிழிவு உண்டா? இரவில் அந்தக் கை விறைக்கிறதா?

இதயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வயதில் நெஞ்சில் வலியோ இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால், "அந்த வலி நெஞ்சுக்கு ஏறிவிட்டது" என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். காய்ச்சலோடு சிவப்பு மேலே ஏறினாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலும் அவ்வாறே. "பரவல்" என்ற பெயருக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்துகொள்வதே எனக்குப் பரவலைவிட அதிக அச்சத்தைத் தருகிறது.

நெடுங்கேணி மகள் எழுதியது:

மூவருக்கும் மனம் நிறைந்த நன்றி. வைத்தியர் ஐயா கேட்டவற்றை அம்மாவிடம் விசாரித்தேன். நீரிழிவு உண்டு, மாத்திரை எடுக்கிறார். இடக்கையில் வீக்கமோ நிற மாற்றமோ இல்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் நடுச்சாமத்தில் விறைப்பதாகவும், கையை உதறினால் சற்றுக் குறைவதாகவும் சொல்கிறார். வலக்கை இயலாததால் தேங்காய் துருவுவதும், உடுப்புப் பிழிவதும், தண்ணீர் அள்ளுவதும் எல்லாம் அந்த ஒரு கையால்தான். இனி அந்தக் கைக்கும் ஓய்வு கொடுக்க வேண்டுமா? கண்ணாடிக்கு முன்னால் வைத்துச் செய்யும் பயிற்சி ஒன்றைப் பற்றியும் கேள்விப்பட்டோம், அது உதவுமா?

வவுனியா வைத்தியர் எழுதியது:

நீங்கள் விவரித்த மூன்று விரல் விறைப்பு, மணிக்கட்டுக் குகையில் மீடியன் நரம்பு நெருக்கப்படுவதன் குறிகளோடு நன்றாகப் பொருந்துகிறது. நீரிழிவும், ஒரு கையின் மேலேயே விழுந்த வேலைச் சுமையும் அதற்குப் போதிய காரணங்கள். நரம்புக் கடத்தல் சோதனையால் அதை உறுதிசெய்யலாம். இடக்கைக்கு முழு ஓய்வு வேண்டாம். உடுப்புப் பிழிவது போன்ற, மணிக்கட்டை முறுக்கும் வேலைகளை மட்டும் வேறொருவர் செய்யட்டும். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டியை இரவில் மட்டும் கட்டினால் போதும்.

வலக்கையைப் பொறுத்தவரை, வீக்கமும் சூடும் மிகுந்த தொடக்க நிலையில் சிலருக்குக் குறுகிய காலத்துக்கு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து கொடுப்பதுண்டு. அது குருதியில் சீனியின் அளவைக் கூட்டும் என்பதால், நீரிழிவு மாத்திரைகளையும் கிளினிக்குக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலினோ கபாபென்டினோ தந்தால் உறக்கத்துக்கும் அது உதவும். இரவில் எழும்பும்போது தள்ளாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சி இயன்மருத்துவர் எழுதியது:

கண்ணாடிப் பயிற்சியை எடுத்த எடுப்பிலேயே தொடங்க வேண்டாம். மணிக்கட்டு முறிவுக்குப் பின் இந்நோய் வந்தவர்களிடம் அவுஸ்திரேலியரான லோரிமர் மோஸ்லி 2004 இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று படிகள் இருந்தன. முதல் இரண்டு வாரங்கள் கைப் படங்களைப் பார்த்து இது வலது, இது இடது என்று விரைவாகச் சொல்வது. அடுத்த இரண்டு வாரங்கள் கையை அசைக்காமல், அசைப்பதாக மனத்தில் மட்டும் நினைப்பது. கடைசி இரண்டு வாரங்களிலேயே கண்ணாடி வருகிறது. படங்களைக் கைபேசியில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்: உங்கள் கைகளை வெவ்வேறு கோணங்களில் பிடித்து, சட்டைக் கையோ வளையலோ தெரியாமல் எடுங்கள்.

கண்ணாடியில் தெரிவது இடக்கையின் பிம்பமே. அந்தக் கை வலியில்லாமல் அசைந்தால்தான் பயிற்சி பலன் தரும், ஆகவே இடக்கை விறைப்பை முதலில் காட்டிவிடுங்கள். அதற்குச் சத்திரசிகிச்சை செய்வதாகப் பேச்சு வந்தால், வலக்கைக்குச் சி.ஆர்.பி.எஸ். இருப்பதை அந்தச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லி, கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கத்தையும் காட்டுங்கள்.