மேடிசனில் ஒரு சனிக்கிழமை

அக்கா: ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. எல்லாரும் சிகாகோவிலிருந்து நீ படிக்கிற மேடிசனுக்கு வருகிறோம். உனக்குச் சரிதானே?

நான்: ஒரு வாரம் முன்னால் வாருங்கள் அக்கா. 15ஐ ஒட்டித்தான் இங்கே மாணவர்களின் வாடகை வீடுகள் கைமாறும். வளாகத்தைச் சுற்றி எந்தத் தெருவைப் பார்த்தாலும் சோபா, மெத்தை, மேசை என்று வெளியே கிடக்கும். காரை எங்கே விடுவது?

அத்தான்: அப்போ 8ஆம் தேதி. காலையில் விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேபிடல், மதியம் விஸ்கான்சின் டெல்ஸ் என்ற சுற்றுலா ஊருக்குப் போய்ப் படகு, சாயங்காலம் திரும்பி வந்து ஆல்ப்ரிக் தோட்டம், ராத்திரி சிகாகோவுக்குத் திரும்பல். எப்படி?

நான்: டெல்ஸ் இங்கிருந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அத்தான். அம்மாவின் மூட்டு வலிக்குக் காரில் ஏறி இறங்குவதே பெரும்பாடு. காலையில் கேபிடலைச் சுற்றி நடக்கும் உழவர் சந்தை, அப்புறம் ஏரிக்கரை. இரண்டே இடம் போதும்.

அம்மா: என்னை நினைத்து யாரும் எதையும் விட வேண்டாம். மெதுவாக நடந்துவிடுவேன்.

அக்கா: போன வாரமும் இதையேதான் சொன்னாய். ராத்திரி முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தம்பி சொல்வதுதான் சரி.

அம்மா: சரி, சந்தையில் என்ன கிடைக்கும்?

நான்: கேபிடலின் நான்கு பக்கமும் கடைகள். தானே விளைவித்ததை, தானே செய்ததை மட்டும்தான் விற்கலாம், வாங்கி விற்க விட மாட்டார்கள். ஆகஸ்டில் மக்காச்சோளமும் தக்காளியும் குவிந்து கிடக்கும். கூட்டம் முழுக்கக் கட்டடத்தை இடக்கைப் பக்கம் வைத்து ஒரே திசையில் சுற்றும், நாம் பிரகாரம் சுற்றுவதற்கு நேர் எதிர். கால் வலித்தால் அப்படியே புல்வெளியில் ஏறி மர நிழலில் உட்கார்ந்துவிடலாம். மடக்கு நாற்காலி எடுத்து வாருங்கள். புது சீஸ் கர்ட், அதாவது சின்னச் சின்னப் பாலாடைக்கட்டித் துண்டுகள், வாங்கித் தருகிறேன் அம்மா. கடித்தால் பல்லுக்கிடையில் கீச்சென்று சத்தம் வரும்.

அம்மா: சீஸில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த எதையோ சேர்ப்பார்களாமே?

நான்: ரென்னட், பாலைத் திரிய வைப்பது. சிலர் அதைப் போடுவார்கள், சிலர் நுண்ணுயிரியிலிருந்து எடுத்ததைப் போடுவார்கள். செய்கிற ஆட்களே கடையில் நிற்பதால் நேராகக் கேட்டு வாங்கலாம்.

அப்பா: விஞ்ஞானி ஹர் கோவிந்த் கொரானா 1968இல் நோபல் பரிசு வாங்கியபோது உன் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில்தானே இருந்தார்? மரபுக்குறியீடு நடத்தும்போதெல்லாம் வகுப்பில் அவர் பெயரைச் சொல்வேன். அந்த வளாகத்தில் கொஞ்சம் நடந்தால் போதும் எனக்கு.

நான்: ஆமாம்பா, 1960 முதல் 1970 வரை இங்கேதான் இருந்தார். நாம் இருவரும் கேபிடலிலிருந்து ஸ்டேட் ஸ்ட்ரீட் வழியாக நடந்தே போவோம், ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும். அத்தான் அம்மாவையும் அக்காவையும் காரில் வளாகத்தில் மாணவர்கள் கூடும் மெமோரியல் யூனியன் கட்டடத்துக்கு அழைத்து வரட்டும்.

அத்தான்: அங்கே என்ன விசேஷம்?

நான்: மெண்டோட்டா ஏரியை ஒட்டிய டெரஸ். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் இரும்பு நாற்காலிகள், முதுகில் சூரியக்கதிர் வடிவம். பரீட்சை முடிந்தால் நான் நேராக அங்கேதான் போவேன். யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். பல்கலைக்கழகமே தயாரிக்கிற பாப்காக் ஐஸ்கிரீமும் கிடைக்கும். உங்களுக்குப் படகுதானே வேண்டும் அத்தான்? பக்கத்திலேயே கயாக் என்ற துடுப்புப் படகு வாடகைக்குத் தருகிறார்கள்.

அத்தான்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! டெல்ஸ் வேண்டாம். சூரியன் எத்தனை மணிக்கு மறையும்?

நான்: எட்டு மணி தாண்டி. ஏரிப் பக்கமே மறையும்.

அத்தான்: பார்த்துவிட்டே கிளம்புவோம். பாதி வழி உன் அக்கா ஓட்டட்டும்.

அக்கா: ஓட்டுகிறேன். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் வெயிலுக்கு முன் சந்தையைப் பார்த்துவிடலாம்.

அம்மா: அப்போ முதல் நாளே புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிடுகிறேன். தம்பி, உன்னோடு தங்கியிருக்கும் பையன் புளியோதரை சாப்பிடுவானா?

நான்: இரண்டு டப்பாவாகக் கட்டு அம்மா. அவனும் சந்தைக்கு வருகிறான்.