ஓடுநேர ஆட்டம், முறையாட்டம்: ஒரு பரிந்துரை

வணக்கம்.

கணினிப் போர் விளையாட்டுகளில் இரு பெரும் வகைகள் உண்டு: நேரம் நிற்காமல் ஓடும் real-time strategy, ஒருவர் மாற்றி ஒருவர் ஆடும் turn-based strategy. நம் கலைச்சொல் பட்டியலுக்கான விவாதத்தில் இவற்றுக்கு முறையே 'மெய்நேர உத்தி', 'முறைசார் உத்தி' என்ற இணை முன்வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை.

'முறைசார்' என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருவது முறைசாராக் கல்வியும் முறைசாராத் தொழிலாளர்களும்தான். விதிகளுக்கு உட்பட்ட ஆட்டம் என்றே பொருள் கொள்வார்கள். ஒருவர் ஆடி முடித்தபின் அடுத்தவர் ஆடுவது என்று யாருக்கும் தோன்றாது. அதற்காக 'முறை'யைக் கைவிட வேண்டியதில்லை. தண்ணீர் குறைந்த காலத்தில் வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றி நீர் விடுவதை முறைப்பாசனம் என்கிறோம். செய்தித்தாள்களில் நெடுநாளாகப் புழங்கும் சொல் அது. அதே வார்ப்பில் 'முறையாட்டம்' என்று சொல்லிவிடலாம். சிவிலைசேஷன், பான்சர் ஜெனரல் எல்லாம் முறையாட்டங்கள். ஆடுபவர் தன் முறையை முடிக்க அழுத்தும் பொத்தானில் 'முறை முடிந்தது' என்று எழுதினால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

'மெய்நேரம்'தான் பெரிய சிக்கல். 'நிகழ்நேரம்' என்று மாற்றினாலும் அது தீராது. நிகழ்நேரத் தரவு என்றால் வெளியே நடப்பதும் திரையில் தெரிவதும் ஒரே நேரத்தில் என்று பொருள். இந்த விளையாட்டுகளில் அப்படி எதுவும் இல்லை. 1997இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஒரு மாலைப் பொழுதுக்குள் கற்காலத்திலிருந்து இரும்புக்காலத்துக்கு வந்துவிடுகிறோம். யூரோப்பா யூனிவர்சாலிஸின் நான்காம் பதிப்பு 1444இல் தொடங்கி 1821 வரை போகிறது. இதில் எந்த நேரம் மெய்?

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ஆடுபவர் யோசிக்கும்போது நேரம் காத்திருக்கிறதா, இல்லையா? 1992இல் வந்த டூன் 2இல் நீங்கள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரியின் பீரங்கி வண்டிகள் நகர்கின்றன. ஸ்டார்கிராஃப்டின் தென்கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300 கட்டளைகளைத் தொடுவதும் அதனால்தான். சுருங்கச் சொன்னால், அங்கே நேரம் ஓடுகிறது. எனவே 'ஓடுநேர ஆட்டம்' என்பது என் பரிந்துரை. ஓடுநீர் போன்ற வினைத்தொகை, இலக்கணமும் இடிக்காது. நிரலாளர்கள் 'இயக்கநேரம்' (runtime) என்று வேறொன்றைக் குறிக்கிறார்கள், அதனோடும் மோதாது.

மூன்றாவது ஒரு வகையை இந்த விவாதத்தில் யாரும் தொடவில்லை. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 2000இல் வந்த காம்பாட் மிஷன் இரண்டாம் உலகப் போரின் நார்மண்டிக் களத்தைக் காட்டுவது. இரு தரப்பும் தனித்தனியே கட்டளைகளைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு 60 வினாடிகள் இரு தரப்புக் கட்டளைகளும் ஒன்றாக நடந்தேறும். வயலைக் கடந்து வேலியோரம் போகும்படி ஒரு குழுவை அனுப்பியிருப்பீர்கள். பத்தாவது வினாடியில் எதிர்ப்புறத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கி சீறும். வீரர்கள் புல்லில் விழுந்து கிடப்பார்கள். மீதி 50 வினாடிகள் உங்களால் எதுவும் செய்ய முடியாது, பார்க்கத்தான் முடியும். கட்டளையிட்ட தளபதியின் நிலையை இதைவிட நன்றாக உணர்த்திய விளையாட்டை நான் பார்த்ததில்லை. முறையும் உண்டு, ஓடும் நேரமும் உண்டு. இதற்கு 'உடன்முறை ஆட்டம்' பொருந்தும். இதன் வேர் பழையது: பிரஷ்யப் படைக்காக ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி விளையாட்டில் ஒரு முறை என்பது களத்தில் இரண்டு நிமிடம். முறை என்பதும் நேரத்தின் ஒரு துண்டுதான் என்பதை அப்போதே கண்டிருக்கிறார்கள்.

சொற்களை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: 'ஷோகன்: டோட்டல் வார் நாட்டு வரைபடத்தில் முறையாட்டம், போர்க்களத்தில் ஓடுநேர ஆட்டம்.' எனக்கு இடறவில்லை.

எஞ்சியிருப்பது யூரோப்பா யூனிவர்சாலிஸ் வகை. நேரம் ஓடும், ஆனால் விரும்பியபோது நிறுத்திவிட்டுக் கட்டளை கொடுக்கலாம். 'நிறுத்தக்கூடிய ஓடுநேரம்' பொருளில் சரி, ஆனால் நீளம். இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் முன்வையுங்கள். மற்ற மூன்றையும் பட்டியலில் சேர்க்கலாமா என்றும் சொல்லுங்கள்.