திருவிழா நாடகம்: வள்ளி திருமணத்தை நிறுத்த வேண்டாம்

அண்ணன்மார், தம்பிமார், ஆச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

பங்குனித் திருவிழாவுக்குப் புள்ளிவரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் வரி) கேட்டு வந்த கடிதத்தில், இந்த வருஷம் வள்ளி திருமணத்துக்குப் பதில் மெல்லிசைக் கச்சேரி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்வேன்.

அந்த நாடகம் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 24 வயதில் வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். எமன், இரணியன், சனீசுவரன் வேஷங்களில் பேர் வாங்கினார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைச் சொந்தப் பிள்ளையாகவே வைத்துக்கொண்டார். சுவாமிகள் பாட்டில் சந்தம் துள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தக் கஞ்சிராதான் கேட்கிறது. 1918-ல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபை தொடங்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். 1922-ல் புதுச்சேரியில் காலமானார்.

‘காயாத கானகத்தே’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வேடனாக வந்த முருகன், தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் தன் மானைக் காணோம் என்று விசாரிக்கிறான். அடையாளம் சொல்லச் சொல்ல, அது மேய்கிற மான் இல்லை, எதிரே நிற்கிறவளைத்தான் சொல்கிறான் என்று கடைசி வரிசையில் சாக்கு விரித்துப் படுத்திருப்பவருக்கும் விளங்கிவிடும். வர்ணனை, வம்பு, கதை மூன்றும் ஒரே பாட்டில். அப்புறம் வசனம் எதற்கு?

வள்ளி திருமணம் மாதிரி, நடிகர்களைத் தனித்தனியாகப் பேசிச் சேர்க்கிற ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒத்திகையே கிடையாது. மேடையில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லோர் நெஞ்சிலும் சுவாமிகளின் பாடம் இருப்பதால்தான் விடிய விடிய நாடகம் ஓடுகிறது. ஏ.வி.எம். ஸ்டூடியோ கண்ட நம்ம காரைக்குடி ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரும் படம் எடுக்கத் தொடங்கியபோது 1935-ல் முதலில் எடுத்தது அல்லி அர்ஜுனா. மேடையில் ஊறிய கதை.

ஆனால் ஒரு வருத்தம் உண்டு. இப்போதெல்லாம் பபூன் (கோமாளி) டான்ஸும் சினிமாப் பாட்டும் நடுச்சாமம் தாண்டியும் நீளுகின்றன. நாரதர்–வள்ளி தர்க்கத்தை அரைகுறையாக முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் தூங்கிப்போவதில் என்ன ஆச்சரியம்? தர்க்கம் முழுசாக நடக்க வேண்டும், அதில் சுவாமிகள் பாட்டு மட்டும்தான் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடலாம்.

ராஜபார்ட், ஆர்மோனியம் இரண்டு பேர் சம்பளத்தையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நாரதருக்கு மட்டும் இப்போதே தேதி வாங்கிவிடச் சொல்லுங்கள். பங்குனியில் நல்ல நாரதர் கிடைப்பது குதிரைக்கொம்பு.