அறுபதுக்கு அப்புறம் பறவைப் படம்: கை நடுங்குகிறதே!

கேள்வி:
34 வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவன். ஓய்வு பெற்றதும் மகன் ஒரு பழைய கேமரா தந்தான். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குப் போய் மஞ்சள் மூக்கு நாரைகளை வீடியோ எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் நாரை, மரம், குளம் எல்லாம் சாமி ஆடுகின்றன! கேமரா முக்காலியைத் தூக்க முழங்கால் விடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:
தலையணை உறையில் பயறு நிரப்பி, மதில்மேல் வைத்துக் கேமராவை அதில் அமுக்குங்கள். படம் அசையாது. கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டோர மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. நடக்கவே வேண்டாம். குளிர்காலத்தில் போனால் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளையும் படம் பிடிக்கலாம்.

பதில்:
வால்பாறைக்கும் ஒருமுறை வாருங்கள் அண்ணாச்சி. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, வழியிலேயே வரையாடு நிற்கும். பக்கத்துப் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்கு. சாப்பாட்டுப் பையை மட்டும் வெளியே காட்டாதீர்கள் (நான் காட்டினேன், இட்லி போச்சு). ட்ரோன் ஆசை வந்தால் முதலில் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பாசிப்பயறு ஒன்றரைக் கிலோ போட்டேன். நாரை அசையாமல் நிற்கிறது. வீட்டுக்காரிதான் பயறு எங்கே என்று தேடுகிறாள்.